நள்ளிரவு 12.01: ஒரு புத்தக வரிசையின் வரலாறு

கதைத்தொடரின் அடுத்த பாகத்தை விற்பதற்காகப் புத்தகக் கடைகள் நள்ளிரவில் கதவைத் திறக்கும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் தொடரில் நான்காம் பாகம் வெளியான 2000 ஜூலை 8-ஆம் தேதியோடு அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலைபெற்றது. அடுத்த ஏழாண்டுகளில் உலகெங்கும் பரவி, 2007 ஜூலை 21 அன்று உச்சத்தைத் தொட்டது. வாசகரின் ஆர்வம் மட்டுமே இதை உண்டாக்கிவிடவில்லை. ஒரே புத்தகத்தை இரு நாடுகளில் இரு பதிப்பகங்கள் வெவ்வேறு தேதிகளில் விற்றதால் எழுந்த வியாபாரச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு அது. நேரத்தைக் குறித்தவை பதிப்பகங்கள். அதைத் திருவிழாவாக்கியவர்கள் வாசகர்கள்.

தொடரும் கதைக்காகக் காத்திருப்பது அதற்கு வெகுகாலம் முந்தைய பழக்கம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836, 1837 ஆண்டுகளில் மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில் விற்றது. 1840-41-இல் அவருடைய ‘தி ஓல்டு க்யூரியாசிட்டி ஷாப்’ வாரத் தொடராக வந்தபோது விற்பனை ஒரு லட்சம் படிகளை எட்டியது. கதையின் சிறுமி நெல் பிழைத்தாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள நியூயார்க் துறைமுகத்தில் கூட்டம் கூடி, லண்டனிலிருந்து வந்த கப்பலில் இருந்தவர்களைக் கூவிக் கேட்டதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அதற்கு வலுவான சான்று இல்லை. ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டாக அது அழியவில்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னுக்காக வாராவாரம் ‘கல்கி’ இதழை எதிர்பார்த்துக் கிடந்த குடும்பங்களின் நினைவு தங்கியிருக்கும் தமிழ் வாசகருக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

வாரக் காத்திருப்பு வேறு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு வேறு. மாயக்கதைத் தொடர்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு வந்தன. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்துவிடும் கதை என்பதால் அவை யாரையும் பெரிதாகத் தவிக்கவிடவில்லை. வாசகரை நடுவழியில் நிறுத்தியவர் லூயிஸின் நண்பர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1937-இல் வந்த ‘தி ஹாபிட்’ விற்பனையைப் பார்த்துப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அடுத்த கதை கேட்டார். அது கைக்கு வரப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. வந்தது மிக நீண்ட ஒரே நாவல். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காகிதமும் அச்சுக்கூலியும் எட்டாத உயரத்தில் இருந்தன. ஆகவே ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாக வெட்டப்பட்டு, பாகத்துக்கு 21 ஷில்லிங் விலையில் வந்தது. இதனால் ஆயிரம் பவுண்டு வரை நட்டம் வரலாம் என்று பதிப்பகமே கணக்குப் போட்டு வைத்திருந்தது.

முதல் பாகம் 1954 ஜூலை 29 அன்றும், இரண்டாவது அதே ஆண்டு நவம்பர் 11 அன்றும் வந்தன. இரண்டாம் பாகம் முடிகிற இடம் பொல்லாதது: நாயகன் ஃப்ரோடோ உயிரோடுதான் இருக்கிறான், ஆனால் எதிரிகளின் பிடியில். அதற்குமேல் பக்கம் இல்லை. கடைசிப் பாகத்துக்கான பின்னிணைப்புகளை டோல்கீன் எழுதி முடிக்கத் தாமதமானதால் வாசகர்கள் ஏறக்குறைய பதினோரு மாதம் பொறுத்திருந்தார்கள். பொறுமையிழந்தவர்களின் கடிதங்கள் பதிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்தன. முதல் பாகத்தின் முதல் அச்சு சுமார் 3,000 படிகள். 1955 அக்டோபர் 20 அன்று வெளிவந்த மூன்றாம் பாகத்துக்குச் சுமார் 7,000 அச்சிட்டார்கள். தாமதம் வியாபாரத்தைக் கெடுக்கவில்லை என்பதைப் பதிப்புலகம் அப்போதே பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஆவல் கடைவாசலில் வந்து நிற்கவில்லை. அது வீடுகளிலும் கடிதங்களிலும் அடங்கிக் கிடந்தது.

ஹாரி பாட்டரின் தொடக்கத்தில் வரிசையும் இல்லை, ரகசியமும் இல்லை. பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதியை லண்டனின் ப்ளூம்ஸ்பரி ஏற்றது. 1997 ஜூன் 26 அன்று வெளியான முதல் பாகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பு 500 படிகள். அவற்றிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்விட்டது. அந்த ஆண்டின் ஸ்மார்ட்டீஸ் பரிசு கிடைத்ததும் பள்ளிக்கூடங்களில் பெயர் பரவியது. அமெரிக்க உரிமையை ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் 1,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. யாரும் அறியாத ஆசிரியர் ஒருவரின் முதல் சிறுவர் நூலுக்கு அது அசாதாரணமான தொகை.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. அமெரிக்கப் பதிப்பு 1998 செப்டம்பரில் வந்தபோது, பிரிட்டனில் இரண்டாம் பாகம் ஏற்கெனவே ஜூலை 2 முதல் விற்றுக்கொண்டிருந்தது. முதல் பாகத்தைப் படித்து முடித்த அமெரிக்கச் சிறுவர்களுக்கு அடுத்தது ஓராண்டு கழித்துத்தான் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? இணைய விற்பனை அப்போதுதான் கால் ஊன்றியிருந்தது. அமேசானின் பிரிட்டன் தளத்தில் பணம் கட்டினால் புத்தகம் கடல் தாண்டி வீட்டுக்கே வந்தது. முழு உரிமைக்கும் பணம் கொடுத்திருந்த ஸ்கொலாஸ்டிக் பார்த்துக்கொண்டிருக்க, அதன் வாசகர்கள் வேறொரு பதிப்பகத்தின் படிகளை வாங்கினார்கள். 1999 செப்டம்பரில் வெளியிடவிருந்த இரண்டாம் பாகத்தை அது ஜூன் 2-க்கு முன்னால் இழுத்துக்கொண்டது. மூன்றாம் பாகத்திலும் இடைவெளி இரண்டு மாதமாகக் குறைந்ததே தவிர மறையவில்லை.

அந்த மூன்றாம் பாகம்தான் ‘நேரம்’ என்ற ஒன்றை விற்பனைக்குள் கொண்டுவந்தது. 1999 ஜூலை 8, வியாழக்கிழமை. காலையில் விற்பனையைத் தொடங்கினால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்று சொல்லி, மாலை 3.45-க்கு முன்னால் விற்கக் கூடாது என ப்ளூம்ஸ்பரி கடைகளுக்கு நிபந்தனை விதித்தது. அக்கறையும் விளம்பர சாமர்த்தியமும் எந்த விகிதத்தில் அதில் கலந்திருந்தன என்று சொல்வது கடினம். பலன் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பள்ளி விட்ட பிள்ளைகள் சீருடையோடு நேராகக் கடைவாசலுக்கு வந்தார்கள். அவர்களைப் படம் பிடிக்க பத்திரிகைகள் வந்தன. மூன்று நாளில் பிரிட்டனில் 68,000 படிகள் விற்றன.

நான்காம் பாகத்துக்கு இரு பதிப்பகங்களும் ஒரே தேதியை ஒப்புக்கொண்டன. இனி எந்த நாட்டு வாசகரும் அடுத்த நாட்டுக் கடையை நாட வேண்டியதில்லை. நாள் ஒன்றானதும், அந்த நாள் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கேள்வி வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஒருவர் விற்க, ஏழு மணிக்கு இன்னொருவர் முந்திக்கொள்வதைத் தவிர்க்க ஒரே வழி, தேதி பிறக்கும் நள்ளிரவையே எல்லையாக வைப்பது. நாள் சனிக்கிழமை, பள்ளிப் பிரச்சினையும் அத்தோடு தீர்ந்தது. அதன்பின் வந்த எல்லாப் பாகங்களும் சனிக்கிழமையிலேயே வெளியாயின. இஸ்ரேலில் மட்டும் இது ஓய்வுநாளில் வியாபாரமா என்ற சர்ச்சையைக் கிளப்பியது.

புத்தகத்தின் தலைப்பே வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்புவரை சொல்லப்படவில்லை. விமர்சகர்களுக்கு முன்படிகள் அனுப்பப்படவில்லை. கடைக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் பெட்டிகள் வரும். தேதிக்கு முன் பெட்டியைப் பிரித்தால் அடுத்த பாகம் கிடைக்காது என்ற பயமும் கூடவே வரும். அமெரிக்காவில் முதல் அச்சு 38 லட்சம். அமேசானும் ஃபெடெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து இரண்டரை லட்சம் படிகளை வெளியீட்டு நாளன்றே வீடுகளில் சேர்த்தன. பிரிட்டனில் முதல் நாள் விற்பனை 3,72,775. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து சிவப்புச் சாயம் பூசிய நீராவி ரயிலில் ரௌலிங் கிளம்பி, நான்கு நாள் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்திட்டார். அதே மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் விற்பனைப் பட்டியலிலிருந்து சிறுவர் நூல்களைப் பிரித்துத் தனிப் பட்டியல் போட்டது. ஓராண்டுக்கும் மேலாக முதல் இடங்களை ஹாரி பாட்டர் பிடித்துக்கொண்டு நகராததால் மற்ற பதிப்பாளர்கள் முறையிட்டதன் விளைவு அது.

அந்த முதல் நள்ளிரவில் கடைகள் எதிர்பார்த்தது கூட்டத்தை. வந்ததோ வேடம் பூண்ட கூட்டம். வட்டக் கண்ணாடி, நெற்றியில் மின்னல் தழும்பு, கோடு போட்ட கழுத்துத் துண்டு, கருப்பு அங்கி, குச்சியில் செய்த மந்திரக்கோல். கடைகள் விரைவிலேயே பாடம் கற்றுக்கொண்டன. கதையின் நான்கு விடுதிகளாகச் சிறுவர்களைப் பிரிக்கும் தொப்பி, வினாடி வினா, பூசணிச் சாறு, பன்னிரண்டு நெருங்கும்போது எல்லோரும் சேர்ந்து நொடிகளை எண்ணுவது என அடுத்தடுத்த வெளியீடுகளில் ஒரு சடங்குமுறையே உருவாகிவிட்டது. ரஜினி படத்தின் முதல் நாள் முதல் காட்சிக்கு விடிகாலையில் திரையரங்கு வாசலில் நின்றவர்களுக்கு இதில் புதிராக ஒன்றும் தோன்றாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. படம் பார்க்கும் கூட்டம் கடைசி வரை சேர்ந்தே இருக்கும். இங்கே மணி அடித்து, புத்தகம் கைக்கு வந்த மறுகணம் கூட்டம் கலைந்தது. நடைபாதை விளக்கடியிலேயே முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டவர்களும் அவரவர் தனிமைக்குள் போய்விட்டார்கள்.

நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் இடையில் மூன்றாண்டுகள் கடந்தன. ரசிகர் உலகம் என்று இன்று அறியப்படுவது உண்மையில் உருவானது இந்த இடைவெளியில்தான். மகிள்நெட் என்ற தளத்தை 1999-இல் தொடங்கியவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். அடுத்த ஆண்டு லீக்கி கால்ட்ரன் வந்தது. வெளிவந்த நான்கு பாகங்களையும் வரிவரியாகத் துழாவி, யார் சாவார், யார் துரோகி என்று ஊகங்கள் அடுக்கப்பட்டன. காத்திருக்க முடியாதவர்கள் அடுத்த பாகத்தைத் தாங்களே எழுதிப் பார்த்தார்கள். நாவலை விட நீளமான ரசிகர் புனைவுகள் கிளம்பின. மாசசூசெட்ஸைச் சேர்ந்த இரு சகோதரர்கள் 2002-இல் ‘ஹாரி அண்ட் தி பாட்டர்ஸ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கி, நூலகங்களில் பாடினார்கள். அவர்களைப் பார்த்து அதே பாணியில் பல குழுக்கள் முளைத்தன. சீனாவில் 2002-இல் ரௌலிங் பெயரைப் போட்டே ஒரு போலி ஐந்தாம் பாகம் விற்றது. அதன் உடல் பெரும்பாலும் டோல்கீனின் ‘ஹாபிட்’. பாத்திரப் பெயர்கள் மட்டும் ஹாரி பாட்டரிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. பசி முற்றினால் எதையும் விற்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வாசகர்களின் நுணுக்கத்தை அறிய ஒரு செய்தி போதும். ஆறாம் பாகத்தின் முடிவில் ஒரு துண்டுச் சீட்டில் ஆர்.ஏ.பி. என்ற மூன்று முதலெழுத்துகள் மட்டும் வரும். ஆள் யாரென்று சொல்லப்படாது. டச்சு, நார்வே, ஃபின்லாந்து மொழிபெயர்ப்புகள் வெளியானதும் ரசிகர்கள் அந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் ஓடினார்கள். கடைசி எழுத்து ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. கதையில் வரும் பிளாக் என்ற குடும்பப் பெயரை அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி மாற்றியிருந்தார்களோ, அந்தப் பெயரின் முதல் எழுத்தோடு அது சரியாகப் பொருந்தியது. ஏழாம் பாகம் வருவதற்குள்ளேயே அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

2003 ஜூன் 21 அன்று வந்த ஐந்தாம் பாகம் அமெரிக்கப் பதிப்பில் 870 பக்கம். முதல் நாளில் அங்கே 50 லட்சமும் பிரிட்டனில் ஏறத்தாழ 17 லட்சத்து 78 ஆயிரமும் விற்றன. பிரான்சில் ஆங்கிலப் பதிப்பே விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது; ஒரு ஆங்கிலப் புத்தகம் அங்கே அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. மொழிபெயர்ப்பு வரும்வரை பொறுக்காத பிரெஞ்சுச் சிறுவர்கள் அகராதியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வாஷிங்டன் மருத்துவர் ஒருவரின் கடிதம் வந்தது. எட்டு முதல் பத்து வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகள் தலைவலி என்று வந்தார்களாம். காரணம், கனமான அந்தப் புத்தகத்தை விடாமல் படித்தது. படிப்பதை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னதை அவர்களில் இருவர் ஏற்கவில்லை. இதைவிடக் கறாரான ஆய்வு 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனைக்குக் கோடைகால வார இறுதிகளில் அடிபட்டு வரும் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சராசரியாக 67 பேர். ஐந்தாம், ஆறாம் பாகங்கள் வெளியான வார இறுதிகளில் வந்தவர்கள் 36 பேரும் 37 பேரும். மரமேறவும் சைக்கிள் ஓட்டவும் அந்த இரண்டு நாட்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. ரசிகரின் ஆர்வத்தை அளந்த கணக்குகளில் விற்பனை எண்களைவிட இது நம்பகமானது; வாங்கியதையும் படித்ததையும் வேறுபடுத்திக் காட்டுகிற கணக்கு இது ஒன்றே.

காவல் கூடக் கூட, களவும் கூடியது. 2003 ஜூனில் இங்கிலாந்தின் நியூட்டன்-லீ-வில்லோஸ் ஊரில் 7,680 படிகளோடு நின்ற லாரி திருட்டுப் போனது. அச்சகத்திலிருந்து பக்கங்களைக் கடத்திப் பத்திரிகைக்கு விற்க முயன்ற ஊழியர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நியூயார்க்கின் ‘டெய்லி நியூஸ்’ ஒரு படியை முன்கூட்டியே வாங்கி, கதைச் சுருக்கத்தை அச்சிட்டதற்காக ரௌலிங்கும் ஸ்கொலாஸ்டிக்கும் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2005-இல் ஆறாம் பாகத்தின்போது வேடிக்கையான ஒரு கசிவு நடந்தது. தொடரில் முக்கியமான ஒருவர் இறக்கப்போகிறார் என்பது தெரிந்திருந்ததால் சூதாட்டத் தரகர்கள் பந்தயம் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சஃபோக் பகுதியின் பங்கே என்ற சிற்றூரிலிருந்து தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் மீது பணம் கொட்டியது. பங்கேயில்தான் புத்தகத்தை அச்சிடும் அச்சகம் இருந்தது. தரகர்கள் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஊர் ஊகித்தது சரியாகவே இருந்தது.

கனடாவில் சட்டமே ஒரு விசித்திர எல்லைக்குப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்விட்லம் நகரில் ஒரு பேரங்காடி தவறுதலாக ஆறாம் பாகத்தின் 14 படிகளை ஒரு வாரம் முன்பே விற்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கதையை யாரிடமும் சொல்லக் கூடாது, படிக்கவும் கூடாது என்று அம்மாகாண உச்ச நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. நேர்மையாக வாங்கிய புத்தகத்தைப் படிக்க வேண்டாமென்று நீதிமன்றம் சொல்லலாமா என்று சட்டம் படித்தவர்கள் கொதித்தார்கள், நியாயமான கொதிப்புதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குக் கனடாப் பதிப்பகம் ஆசிரியரின் கையெழுத்துச் சீட்டைத் தந்தது. மறுபக்கம், நள்ளிரவு வரிசைகளைக் காரில் கடந்துபோகும் விடலைகள் யாரை யார் கொன்றார் என்பதை ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் பறந்தார்கள். அதற்கெதிராக எந்த நீதிமன்றமும் எதுவும் செய்ய முடியவில்லை.

2007 ஜனவரி 11 அன்று எடின்பரோவின் பால்மோரல் விடுதியில் 552-ஆம் எண் அறையில் ரௌலிங் கடைசிப் பாகத்தை முடித்தார். அங்கிருந்த ஒரு பளிங்குச் சிலையின் முதுகில் அந்தச் செய்தியை எழுதியும் வைத்தார். ஸ்கொலாஸ்டிக்கின் வழக்கறிஞர் கையெழுத்துப் பிரதியை லண்டனிலிருந்து எடுத்துவந்தபோது விமானத்தில் அதன் மேலேயே உட்கார்ந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. அச்சான படிகள் முத்திரையிட்டு, லாரிகளின் போக்கு செயற்கைக்கோள் கருவியால் கண்காணிக்கப்பட்டது. அப்படியும் வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன் யாரோ ஒருவர் அமெரிக்கப் பதிப்பைத் தரைவிரிப்பில் விரித்துவைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். எழுத்து மங்கல்; பக்கத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் மட்டும் தெளிவு. உண்மையான ரசிகர்கள் பெரும்பாலும் அதைத் திறக்க மறுத்தார்கள். தெரிந்துவிடுமோ என்று இணையத்தையே சில நாட்கள் தொடாமல் இருந்தவர்களும் உண்டு.

ஜூலை 21-இன் முதல் நிமிடம் உலகின் பல பகுதிகளில் பிரிட்டிஷ் நேரப்படி கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் அந்தந்த வட்டாரத்து நள்ளிரவு. லண்டனில் ரௌலிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் முதல் பக்கங்களைப் படித்துவிட்டு விடியும்வரை கையெழுத்திட்டார். லண்டனில் நள்ளிரவானபோது சிட்னியில் காலை ஒன்பது. இந்தியாவில் அதிகாலை நான்கரை. டெல்லி, மும்பை, சென்னை போன்ற நகரங்களில் புத்தகக் கடைகள் பால்வண்டி வரும் வேளையில் திறந்து பிள்ளைகளை வரவேற்றன. நடைபாதைக் கடைகளுக்குத் திருட்டுப் பதிப்பு வந்துசேரவும் அதிக நாள் ஆகவில்லை. அமெரிக்காவில் முதல் அச்சு ஒரு கோடியே இருபது லட்சம். இருபத்துநான்கு மணி நேரத்தில் 83 லட்சம் விற்றது. பிரிட்டனில் 26 லட்சத்து 50 ஆயிரம்.

இந்த எண்கள் புத்தகக் கடைகளை வாழவைத்திருக்கும் என்று தோன்றும். நடந்தது வேறு. அட்டையில் 17.99 பவுண்டு அச்சிட்ட புத்தகத்தை அஸ்டா பேரங்காடி 5 பவுண்டுக்கு விற்றது. சிறு கடைக்காரர் பதிப்பகத்திடம் வாங்கும் விலையைவிட அது குறைவு. சிலர் பேரங்காடியிலேயே போய் வாங்கித் தங்கள் கடையில் வைத்தார்கள். மலேசியாவில் பன்னாட்டுப் பேரங்காடிகள் அடக்கவிலைக்கும் கீழே விற்கப்போவது தெரிந்ததும், பெரிய புத்தகக் கடை நிறுவனங்கள் புத்தகத்தை அலமாரியிலிருந்தே எடுத்து எதிர்ப்புக் காட்டின. தொப்பியும் பூசணிச் சாறும் நொடி எண்ணுவதும் சிறு கடைகளில் ஏன் அவ்வளவு தடபுடலாக நடந்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: விலையில் போட்டியிட முடியாத கடைக்கு விற்பதற்கு மிஞ்சியது அந்த இரவு ஒன்றுதான்.

மொழிகளுக்கு இடையே இருந்த இடைவெளியை நள்ளிரவால் அடைக்க முடியவில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2007 அக்டோபர் 26-இல்தான் வரவிருந்தது. ஆகஸ்ட்டில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் பதினாறு வயது மாணவர் ஒருவர், கடைசிப் பாகத்தை முழுதாக மொழிபெயர்த்து இணையத்தில் ஏற்றியதற்காகப் பிடிபட்டார். பணம் பார்ப்பது அவர் நோக்கமில்லை என்று தெரிந்தது, விட்டுவிட்டார்கள். தமிழில் முதல் பாகம் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்ற பெயரில் வந்தபோது வரிசைக் காலம் முடிந்துபோயிருந்தது. தமிழ்நாட்டில் அந்த விடியற்காலைகளில் நின்றவர்கள் ஆங்கிலம் வழியே அந்தக் கதைக்குள் போனவர்கள் மட்டுமே.

இந்த ஆர்வத்தை எல்லோரும் ரசிக்கவில்லை. இலக்கிய விமர்சகர் ஹெரால்டு ப்ளூம் 2000-இலேயே வாசகர் எண்ணிக்கை ஒரு நூலின் தரத்துக்குச் சான்றாகாது என்று கடுமையாக எழுதினார். எழுத்தாளர் ஏ. எஸ். பையட் 2003-இல் இதைக் கற்பனை வறண்ட பெரியவர்களின் குழந்தைத்தனம் என்ற பொருளில் விமர்சித்தார். மாயமந்திரத்தைக் கற்பிக்கிறது என்ற மதவாதிகளின் புகாரால், அமெரிக்க நூலகச் சங்கத்தின் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்கள் பட்டியலில் 1999 முதல் 2002 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்ததும் ஹாரி பாட்டர்தான். விமர்சகர்களின் இலக்கியத் தீர்ப்பில் உண்மை இருக்கலாம். ஆனால் 870 பக்கத்தை ஒரு வார இறுதியில் முடித்த பத்து வயதுப் பிள்ளையை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2007-க்குப் பிறகு வழக்கம் மெலிந்தது. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ தொடரின் நான்காம் பாகம் 2008 ஆகஸ்ட் 2 நள்ளிரவில் வந்து ஒரே நாளில் 13 லட்சம் விற்றது. ஆனால் ஹாரி பாட்டரின் ஏழாம் பாகம் வந்த நான்கே மாதத்தில் அமேசானின் கிண்டில் கருவியும் வந்துவிட்டிருந்தது. படுக்கையில் இருந்தபடியே நள்ளிரவில் புத்தகத்தைப் பெற முடிந்தபோது வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் போயிற்று. நள்ளிரவு விழாக்களைப் பெரிய அளவில் நடத்திய பார்டர்ஸ் நிறுவனம் 2011-இல் திவாலானது. காத்திருப்பு மட்டும் குறையவில்லை. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய ‘தி வீல் ஆஃப் டைம்’ அவர் 2007-இல் இறந்தபின் பிராண்டன் சாண்டர்சன் கையால் 2013-இல் முடிந்தது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொடரின் ஐந்தாம் பாகம் 2011 ஜூலையில் வந்தது. ஆறாவதை அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் வாசகருக்குக் கடன்பட்டவரா என்ற சண்டை அங்கே ஓயாமல் நடக்கிறது.

2016 ஜூலை 31 அன்று ஹாரி பாட்டர் நாடகப் பிரதிக்காக நள்ளிரவுக் கடைகள் மறுபடி திறந்தன. வந்தவர்களில் கணிசமானோர் முதல் வரிசைகளில் சிறுவர்களாக நின்றவர்கள். பிரிட்டனில் மூன்று நாளில் 6,80,000 படிகள் போயின. பின்னர் ரெபேக்கா யாரோஸின் டிராகன் கதைத் தொடர் அதே வழக்கத்தைப் பெரியவர்களுக்கான புத்தகத்துக்குக் கொண்டுவந்தது. அதன் மூன்றாம் பாகம் ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரி 21 அன்று வெளியானபோது அமெரிக்கக் கடைகள் நள்ளிரவில் திறந்தன. முதல் வாரத்தில் 27 லட்சம் படிகள் விற்றன. அந்தத் தொடர் ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்டது.